போல்டும் ஸ்டார்க்கும் பிரிந்த இடம்: வாரிய ஒப்பந்தமா, லீக் வாழ்க்கையா?

2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய சிறிய டெஸ்ட் தொடர் ஒன்றில் இரண்டு இடதுகை வேகப்பந்து வீச்சாளர்கள் அறிமுகமானார்கள். பிரிஸ்பேனில் மிட்செல் ஸ்டார்க், அடுத்த டெஸ்டில் ஹோபார்ட்டில் டிரென்ட் போல்ட். வயதில் ஆறு மாத வித்தியாசம். வலதுகை ஆட்டக்காரருக்குப் புதுப்பந்தை உள்ளே வளைத்துக் கொண்டுவருவதுதான் இருவருக்கும் ஆயுதம். அடுத்த பத்து ஆண்டுகள் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த முடிவுகள்தான் நேர் எதிர்.

2022 ஆகஸ்டில், 33 வயதில், போல்ட் நியூசிலாந்து வாரியத்தின் மத்திய ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்டார். குடும்பத்தோடு கூடுதல் நேரம் வேண்டும், பல நாடுகளில் நடக்கும் டி20 லீக்குகளிலும் ஆட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 78 டெஸ்ட், 317 விக்கெட்டோடு அந்தக் கணக்கு நின்றது. பிறகு மும்பை அணி உரிமையாளர்கள் அமீரகத்திலும் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடத்தும் அணிகளுக்கு ஆடினார். 2023இல் அமெரிக்க லீக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். நாடு கூப்பிட்டபோது 2023 உலகக் கோப்பைக்கும் 2024 டி20 உலகக் கோப்பைக்கும் வந்தார்.

ஸ்டார்க்கோ 2015க்குப் பிறகு எட்டு சீசன்கள் ஐபிஎல் பக்கமே வரவில்லை. ஒருமுறை கொல்கத்தா அணி ஏலத்தில் எடுத்தும் காயத்தால் ஆட முடியாமல் போனது; மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் அவரே ஒதுங்கிக்கொண்டார். டெஸ்டுக்காக உடம்பைக் காத்துக்கொள்வதுதான் நோக்கம். 2025 ஜூலையில் ஜமைக்காவில் தன் நூறாவது டெஸ்டை ஆடி, 9 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, மேற்கிந்தியத் தீவுகளை 27 ரன்னுக்குச் சுருட்டினார். அதே ஆட்டத்தில் 400ஆவது விக்கெட்டும் வந்தது. நடுவில் 2024இல் ஐபிஎல்லுக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்த தொகை 24.75 கோடி. அன்றைக்கு அதுதான் ஏல வரலாற்றின் உச்சம். இறுதிப்போட்டியின் ஆட்டநாயகனும் அவரே.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இன்றைய தொழில்முறை கிரிக்கெட் வீரரின் முடிவைப் பேசவே முடியாது என்று நினைக்கிறேன். இருவரும் ஒன்றைத் தெளிவாக விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் டெஸ்டை விட்டார், இன்னொருவர் லீக் பணத்தை விட்டார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று யாரும் நிற்கவில்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு அதுவே உயிர் காக்கும் முடிவு.

முன்னால் இருக்கும் வழிகள்

இன்று ஒரு சர்வதேசத் தரமான வீரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம்: சம்பளம், மருத்துவம், பயிற்சி எல்லாம் அங்கிருந்து வரும், எந்த லீக்கில் ஆடலாம் என்பதையும் வாரியமே தீர்மானிக்கும். இரண்டாவது, லீக் மட்டும்: நிக்கோலஸ் பூரன் 2025 ஜூனில் 29 வயதிலேயே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்தது இந்த வழி. ஒரு டெஸ்ட்கூட ஆடாமல், ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் டி20 ரன் குவிப்பில் முதலிடத்தோடு அவர் விலகினார். மூன்றாவது நடுவழி. நியூசிலாந்து 2025இல் கேன் வில்லியம்சன், டெவன் கான்வே, ஃபின் ஆலன், லாக்கி ஃபெர்குசன், டிம் சைஃபர்ட் ஆகியோருக்கு முழு ஒப்பந்தத்துக்குப் பதிலாகத் தளர்வான ஒப்பந்தம் கொடுத்தது. உலகக் கோப்பை போன்ற முக்கியத் தொடர்களுக்கு வருவார்கள், மற்ற நேரத்தில் லீக்குகளுக்குப் போவார்கள்.

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கவுன்டி ஆட்டத்தை நான்காவது வழியாகச் சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். 2017 ஜனவரியில் கைல் அபாட்டும் ரைலி ரூசோவும் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கோல்பேக் விதியின்கீழ் (சில வெளிநாட்டவர்களை வெளிநாட்டு வீரர் கணக்கில் சேர்க்காமல் கவுன்டியில் ஆடவிட்ட விதி) ஹாம்ப்ஷயருக்குப் போனார்கள். பிரெக்ஸிட்டோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. ரூசோ திரும்பி வந்து 2022 டி20 உலகக் கோப்பையில் நாட்டுக்காகச் சதமடித்தது மனதுக்கு இதமான பின்கதை. ஆனால் இன்று அதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

பணம்: தெரிந்த வித்தியாசமும் தெரியாத வித்தியாசமும்

லீக்கில் பணம் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ஐபிஎல்லில் சொன்ன தொகை வந்து சேரும். எல்லா லீக்கும் அப்படி இல்லை. 2019இல் கனடா லீக்கில் சம்பள பாக்கிக்காக வீரர்கள் பேருந்தில் ஏற மறுத்து ஓர் ஆட்டம் தாமதமானது. 2025 தொடக்கத்தில் வங்கதேச பிரீமியர் லீக்கில் ஓர் அணியின் வெளிநாட்டு வீரர்கள், பாக்கி வராததால் மைதானத்துக்கே வரவில்லை. மூன்று, நான்கு சிறிய லீக்குகளை நம்பி ஆண்டுத் திட்டம் போடுகிறவர், அதில் ஒன்று கைவிட்டாலும் மீதி ஆண்டு தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

வாரிய ஒப்பந்தத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆடாத ஆண்டிலும் அது சம்பளம் தரும். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சரைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் அகமதாபாத்தில் ஆடிய டெஸ்டுக்குப் பிறகு முழங்கை, முதுகு என்று காயங்கள் தொடர்ந்தன. அடுத்த டெஸ்ட் 2025 ஜூலையில், லார்ட்ஸில். தன் மூன்றாவது பந்திலேயே விக்கெட். அந்த நாலரை ஆண்டுகளுக்கு நடுவில், 2023இல், இங்கிலாந்து வாரியம் அவருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தமே கொடுத்தது. எந்த லீக் அணியும் ஒரு வீரர் டெஸ்டுக்குத் திரும்புவதற்காக இவ்வளவு காலம் காத்திருக்காது. காத்திருக்க அதற்குக் காரணமும் இல்லை.

ஆனால் வாரியமும் தாயுள்ளத்தோடு மட்டும் நடப்பதில்லை. 2024இல் பாகிஸ்தான் வாரியம், ஆஸ்திரேலிய டெஸ்ட் பயணத்துக்கு வர மறுத்த ஹாரிஸ் ரவூஃபின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே திரும்பக் கொடுத்தது. 2023 டிசம்பரில் ஆப்கானிஸ்தான் வாரியம், ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கேட்ட முஜீப், நவீன், ஃபரூக்கி மூவருக்கும் வெளிநாட்டு லீக்கில் ஆடத் தேவையான தடையில்லாச் சான்று இரண்டு ஆண்டுகள் கிடையாது என்று அறிவித்து, பிறகு இறங்கி வந்தது. தென்னாப்பிரிக்காவில் நிலைமை தலைகீழ்: 2024 பிப்ரவரியில் தன் சொந்த லீக்கைக் காப்பாற்ற, அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாத நீல் பிராண்டின் தலைமையில் இரண்டாம் நிலை அணியை நியூசிலாந்துக்கு அனுப்பியது. டெஸ்ட் ஆட ஆசைப்பட்டவர்களையும் வாரியமே லீக்கில் நிறுத்தி வைத்தது. அந்தத் தொடரில்தான் நியூசிலாந்து முதல்முறையாகத் தென்னாப்பிரிக்காவை டெஸ்ட் தொடரில் வென்றது. எனக்கு அது வேதனையான தொடர். ஆக, வாரியம் என்றால் பாதுகாப்பு, லீக் என்றால் சுதந்திரம் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. எந்த வாரியம், எந்த லீக் என்று கேட்டாக வேண்டும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

இந்த முடிவில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் பேசப்பட வேண்டியதும் இதுதான்.

டி20யில் வேகப்பந்து வீச்சாளருக்கு நான்கு ஓவர்: 24 பந்துகள். டெஸ்டில் ஒரே நாளில் 18, 20 ஓவர் வீச நேரலாம், மறுநாளும் வீச நேரலாம். 24 பந்து குறைவுதானே, உடம்புக்கு ஓய்வுதானே என்று தோன்றும். லீக் மட்டுமே ஆடுகிறவருக்கு அது ஓரளவு உண்மை. போல்ட் முப்பதுகளின் நடுவிலும் புதுப்பந்தை வளைத்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆபத்து, இரண்டுக்கும் நடுவில் தாவுவதில் இருக்கிறது. ஆறு வாரம் நாளுக்கு நான்கு ஓவர் வீசிப் பழகிய முதுகும் முழங்காலும் கணுக்காலும் ஏழாவது வாரத்தில் திடீரென ஐந்து மடங்கு சுமையை ஏற்க வேண்டியிருக்கிறது. மொத்தச் சுமையைவிட, சுமை திடீரென்று ஏறுவதுதான் எலும்பை உடைக்கிறது என்பதை உடற்பயிற்சி நிபுணர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழுவது இந்தத் தொழிலில் சகஜமான சாபம்.

அதனால்தான் நடுவழி என்பது வேகப்பந்து வீச்சாளருக்கு மூன்றிலும் மோசமான வழி என்கிறேன். பார்க்க அதுதான் புத்திசாலித்தனமாக இருக்கும். இரண்டு பக்கமும் வருமானம், இரண்டு பக்கமும் மரியாதை. உடம்புக்கு அது தெரியாது. பும்ரா அளவுக்குத் திறமையும் மருத்துவக் கவனிப்பும் உள்ளவருக்கே 2023 மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது, 2025 ஜனவரியில் சிட்னியில் மீண்டும் முதுகு பிடித்தது, அதே ஆண்டு இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் ஆட முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸின் கதையை ஒவ்வொரு இளம் வேகப்பந்து வீச்சாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் 18 வயதில் அறிமுகம், ஆட்டநாயகன் விருது. அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் காயம், மீட்பு, மறுபடி காயம். அந்த இடைவெளியில் 20 வயதிலேயே டெஸ்ட் கனவை விட்டுவிட்டு லீக் வீச்சாளராகியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பொறுமையாக இருந்தார். 2023இல் டெஸ்ட் சாம்பியன்ஷிப்பையும் உலகக் கோப்பையையும் தலைவராக வென்றார்.

சுழற்பந்து வீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு கொடூரமாக இருக்காது. இம்ரான் தாஹிர் 2023இல் 44 வயதில் கயானா அணிக்குத் தலைமை தாங்கி கரீபியன் லீக் கோப்பையை வென்றார். லீக் அவருக்காக அந்த வயதிலும் காத்திருந்தது. டெஸ்ட் யாருக்காகவும் அப்படிக் காத்திருக்காது. இந்தக் கட்டுரையின் மீதி வாதம் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

எதை முதலில் ஆடுவது

எது நல்லது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எதை முதலில் ஆடுவது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நீண்ட ஆட்டத்திலிருந்து குறுகிய ஆட்டத்துக்கு இறங்கி வருவது எப்போதும் முடியும். கிறிஸ் கெய்ல் 103 டெஸ்ட் ஆடியவர், அதில் இரண்டு முச்சதம் அடித்தவர்; அவர்தான் டி20யில் 22 சதங்களும் 14,000க்கும் மேல் ரன்களும் எடுத்தார். பந்தை விட்டுவிடப் பழகியவருக்கு எந்தப் பந்தை அடிக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது.

மறுபக்கம் ஏறுவது கடினம். எளிய கணக்கு ஒன்று. ஆறாவது, ஏழாவது இடத்தில் இறங்கும் அதிரடி ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்துக்கு 12 பந்து சந்திக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க 60 ஆட்டம் ஆடினாலும் 720 பந்துதான். டெஸ்டைப் போலப் பல நாள் நடக்கும் முதல்தரப் போட்டியில் ஒரு மட்டையாளர் நான்கு நல்ல இன்னிங்ஸில் அதைவிட அதிகம் சந்தித்துவிடுவார். ஆட்டத்தில் சந்திக்காத பந்தை வலையில் எவ்வளவு சந்தித்தாலும் ஈடாகாது. 22 வயதில் லீக் மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர், 27 வயதில் மனம் மாறினால் திரும்புவதற்கு அடித்தளமே இருக்காது.

டேவிட் வார்னர் இதற்கு விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். 2009 ஜனவரியில் ஒரு முதல்தரப் போட்டிகூட ஆடாமல் ஆஸ்திரேலிய டி20 அணிக்குள் வந்து மெல்போர்னில் 43 பந்தில் 89 அடித்தார். 2011இல், ஸ்டார்க் அறிமுகமான அதே பிரிஸ்பேன் ஆட்டத்தில், டெஸ்டிலும் அறிமுகமாகி 112 டெஸ்ட் ஆடி முடித்தார். பும்ராவும் முதலில் ஐபிஎல், பிறகுதான் ரஞ்சி, டெஸ்டுக்கு வந்தது 2018இல். உண்மை. ஆனால் இருவரும் வாரியத்தின் கூரையின்கீழ்தான் அந்தத் தூரத்தைக் கடந்தார்கள்: மாநில அணி, முதல்தரப் போட்டி, தேசியப் பயிற்சி மையம். லீக்கிலிருந்து லீக்குக்குப் பறந்துகொண்டிருந்தால் அந்த ஏணியே இருந்திருக்காது.

இன்னொரு வகை ஆட்டக்காரருக்கு என் பதில் வேறு. மேற்கிந்தியத் தீவுகளின் கீரன் பொலார்டு டெஸ்டே ஆடவில்லை. 700க்கும் மேல் டி20 ஆட்டங்கள். கடைசி ஐந்து ஓவரில் ஆட்டத்தைத் திருப்பும் அபூர்வத் திறமை, நீண்ட ஆட்டத்துக்கு ஒத்துவராத பாணி, சம்பளம் குறைவாகவும் ஒழுங்கற்றும் தந்த வாரியம்: இந்த மூன்றும் சேர்ந்த ஒருவர் லீக் வாழ்க்கையைத் தேர்ந்தால் அது நியாயமான முடிவு. அவரைக் கூலிப்படை என்று ஏசுவது அநியாயம். ஹைன்ரிக் கிளாசன் நான்கு டெஸ்டோடு 2024 ஜனவரியில் டெஸ்டிலிருந்தும், 2025 ஜூனில் சர்வதேச ஆட்டத்திலிருந்தே 33 வயதிலும் விலகியதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

குவின்டன் டி காக் மட்டும் என்னை யோசிக்க வைப்பவர். 2021 டிசம்பரில் செஞ்சூரியனில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் முடிந்த கையோடு 29 வயதில் டெஸ்டிலிருந்து விலகினார். 2023 உலகக் கோப்பையோடு ஒருநாள் ஆட்டத்திலிருந்தும். 2025இல் ஒருநாள் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். டெஸ்டுக்குத் திரும்பவில்லை. 2025 ஜூனில் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் சாம்பியன்ஷிப் வென்றபோது, மார்க்ரம் 136 அடித்த அந்த அணியில், 54 டெஸ்ட் ஆடிய டி காக் இல்லை.

பெண்களுக்கு, இந்திய வீரருக்கு

பெண்கள் கிரிக்கெட்டில் இந்தத் தேர்வு இன்னும் முழுசாகப் பிறக்கவில்லை. 2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக் ஒரு சில வாரங்கள்தான். ஆண்டின் மற்ற மாதங்களைத் தாங்குவது வாரிய ஒப்பந்தமும், பலருக்கு ரயில்வே போன்ற அரசு வேலையும்தான். லீக் மட்டும் என்ற வழி அங்கே ஓரிருவருக்குத்தான் சாத்தியம்.

இந்திய ஆண் வீரரின் நிலை தனி. ஓய்வு பெறாதவரை வெளிநாட்டு லீக்கில் ஆட வாரியம் அனுமதிப்பதில்லை. 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின்கூட 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லையும் விட்ட பிறகுதான் வெளிநாட்டு லீக் பக்கம் திரும்ப முடிந்தது. ஆக இவருக்கு முடிவு வேறு வடிவில் வருகிறது: ரஞ்சியில் உழைப்பதா, ஐபிஎல்லுக்காகவே உடம்பையும் பாணியையும் வடிவமைத்துக்கொள்வதா?

கணக்கு கண்ணைக் கூசச் செய்யும். ரஞ்சியில் அனுபவத்துக்கு ஏற்ப நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய். முதல் கட்டத்தில் ஏழு ஆட்டம், 28 நாள் என்றால் அதிகபட்சம் 16.8 லட்சம். ஐபிஎல் 2025 ஏலத்தில் மிகக் குறைந்த அடிப்படை விலையே 30 லட்சம், அதோடு ஆட்டத்துக்கு 7.5 லட்சம் கட்டணம் வேறு. ஓர் ஐபிஎல் ஆட்டம், மூன்று ரஞ்சி ஆட்டத்துக்குச் சமம். இதைப் பார்த்த பிறகு இளைஞர்களுக்குப் பேராசை என்று பேச எனக்கு மனம் வரவில்லை. பத்ரிநாத் முதல்தர ஆட்டத்தில் 54 சராசரியோடு 10,000க்கும் மேல் ரன் எடுத்தும் இரண்டே டெஸ்ட்தான் ஆடினார். அமோல் மஜும்தார் 11,000க்கும் மேல் எடுத்து ஒன்றுகூட ஆடவில்லை. உழைத்தால் கதவு திறக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

வாரியம் இதைச் சரிசெய்யத் தடியும் வெல்லமும் இரண்டையும் எடுத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ரஞ்சியைத் தவிர்த்ததாகப் பேசப்பட்ட இஷான் கிஷனும் ஷ்ரேயஸ் ஐயரும் ஒப்பந்தம் இழந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றார்கள். 2024 மார்ச்சில் டெஸ்ட் ஊக்கத்தொகை வந்தது: சீசனின் 75 சதவீதத்துக்கு மேல் டெஸ்டில் ஆடுகிறவருக்கு, வழக்கமான 15 லட்சத்தோடு ஆட்டத்துக்கு 45 லட்சம் கூடுதல். நல்ல திட்டம். ஆனால் அது டெஸ்ட் அணிக்குள் வந்துவிட்டவருக்கு. வாசலில் நிற்கும் ரஞ்சி வீரருக்கு எட்டாது. உண்மையான இடைவெளி அங்கேதான் இருக்கிறது, அதை வாரியம் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

சேலம் மாவட்டத்தின் நடராஜனை இங்கே மறக்கக் கூடாது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கரால் பெயரெடுத்து 2017இல் ஐபிஎல்லுக்குள் போனார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். லீக்தான் அவருக்குக் கதவைத் திறந்தது. மாநில அணித் தேர்வுகளில் மட்டும் காத்திருந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ. எனவே இந்திய இளைஞருக்கு நான் சொல்வது: ஐபிஎல்லை வாசலாகப் பயன்படுத்துங்கள், ஆனால் 25 வயது வரையாவது ரஞ்சி சீசனை விடாதீர்கள். வேகப்பந்து வீச்சாளர் என்றால் ரஞ்சிக்கு ஆறு வாரம் முன்பிருந்தே ஓவர்களைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கையெழுத்துப் போடுமுன்

மற்ற நாட்டு வீரர்கள் லீக்கை நோக்கி நகரும்போது கேட்டுத் தெளிய வேண்டியவை சில. தொகையில் எவ்வளவு பங்கு ஆட்டம் தொடங்குமுன் வரும், மீதி எந்தத் தேதியில்? தொடரின் நடுவில் காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, தொடர் முடிந்த பிறகும் சிகிச்சை நீண்டால்? விலகினால் என்ன தண்டனை? ஹாரி புரூக் இங்கிலாந்து அணியின் ஆட்டங்களுக்குத் தயாராவதற்காக 2025 ஐபிஎல்லிலிருந்து விலகியபோது, ஏலத்தில் எடுத்த பின் விலகுகிறவருக்கான புதிய விதியின்படி இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது. அந்த விதி ஏலத்துக்கு முன்பே எழுத்தில் இருந்தது.

ஒரே உரிமையாளர் நான்கு நாட்டில் அணி வைத்திருந்தால், ஓர் அணியோடு மனக்கசப்பு வந்தால் நான்கு வேலையும் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாரியத்தை விட்டு வெளியேறுகிறவர் பல முதலாளிகளிடம் சுதந்திரமாகப் போகிறோம் என்று நினைப்பார். நடைமுறையில் அது பல நேரம் ஒரே முதலாளிதான். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், அவருக்குக் கமிஷன் கையெழுத்தில் இருக்கிறது. ஏற்கெனவே அந்த அணியில் ஆடி விலகிய வீரர் ஒருவரைக் கூப்பிட்டு, கடைசித் தவணை எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.